பொருளாசை யாருடைய பாவம்? யூபிலி ஆண்டும் தலித் கிறிஸ்தவரின் நிலமும்

உரோமை நகரின் புனித பேதுரு பேராலயத்தில் 2026 ஜனவரி 6 அன்று புனிதக் கதவு மூடப்பட்டது. அத்துடன் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்திருந்த 2025 யூபிலி ஆண்டு நிறைவுற்றது. தமிழ்நாட்டின் மறைமாவட்டங்களும் திருப்பயணங்கள், சிறப்புத் திருப்பலிகள், ஒப்புரவு வழிபாடுகள் என்று அந்த ஆண்டைக் கொண்டாடின. மறையுரைகளில் மன்னிப்பு பேசப்பட்டது, எதிர்நோக்கு பேசப்பட்டது, பொருளாசையின் தீமையும் பேசப்பட்டது. ஆனால் யூபிலி என்ற ஏற்பாடு எதைப் பற்றியதோ, அந்த நிலம் அரிதாகவே பேசப்பட்டது.

யூபிலியின் வேர் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐம்பதாவது ஆண்டில், வறுமையால் விற்கப்பட்ட நிலம் அதை இழந்த குடும்பத்திடமே திரும்பவேண்டும். கடனுக்காக அடிமையானவர் விடுதலை பெற்றுத் தம் வீட்டிற்குச் செல்லவேண்டும். அதற்கு அந்நூல் கூறும் காரணம் எளியது. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருப்போர் மட்டுமே, ஆகவே எந்த விற்பனையும் நிரந்தரமன்று. இது உள்ளத்தின் ஆசையைக் கட்டுப்படுத்தச் சொல்லும் போதனை அன்று. ஒரு தலைமுறையின் இழப்பு அடுத்தடுத்த தலைமுறைகளின் விதியாக உறைந்துவிடாமல் தடுக்க எழுதப்பட்ட நிலச் சட்டம். பண்டைய இசுரயேல் இதை முழுமையாக நடைமுறைப்படுத்தியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சட்டம் எழுதப்பட்டது என்பதே நமக்குப் போதும். செல்வம் பற்றிய கேள்வியை அது உடைமையின் கேள்வியாக வைத்தது.

நம் சபைகளில் அக்கேள்வி எவ்வாறு உருமாறியிருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பொருளாசைக்கு எதிரான பிரசங்கத்தைக் கேட்டு அமர்ந்திருப்போர் யார்? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் அதிகாரமளிப்புக் கொள்கை ஆவணமே கூறும் கணக்கின்படி, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். வட தமிழ்நாட்டின் சேரிச் சபைகளில் அமர்ந்திருப்பவர்கள் விவசாயக் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், குழுக்கடன் தவணைக்காகத் திங்கட்கிழமையை அஞ்சுகிற பெண்கள். வானத்துப் பறவைகளைப் பார்த்துக் கவலையை விடும்படி அவர்களிடம் சொல்லப்படுகிறது. அந்த உவமையைச் சொன்னவர் தலைசாய்க்க இடமற்றவராகச் சொன்னார். சுற்றுச்சுவர் கட்டிய வளாகத்திலிருந்து சொல்லப்படும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது.

நற்செய்தி நூல்களில் செல்வம் பற்றிய கடுமையான சொற்கள் எவரை நோக்கிப் பேசப்பட்டன என்று கவனித்தால் இது தெளியும். விளைச்சல் பெருகியதால் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டவர் ஒரு நிலவுடைமையாளர். இலாசர் என்ற ஏழை வாசலில் கிடக்க, நாள்தோறும் விருந்துண்டவர் ஒரு செல்வர். யாக்கோபின் திருமுகம் சாடுவது அறுவடைக் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட பண்ணையாரை. இறைவாக்கினர் ஆமோஸ் சாடுவது ஏழையை ஒரு சோடிக் காலணிக்கு விற்றவர்களை. இவற்றுள் ஒன்றுகூட, வீட்டுமனை வேண்டும் என்று விரும்பிய கூலியாளை நோக்கிச் சொல்லப்பட்டதன்று.

நம் மண்ணிலோ பொருளாசைக் குற்றச்சாட்டு தொடக்கம் முதலே கீழ்நோக்கி வீசப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறையர், சக்கிலியர் சமூகங்கள் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவத்தில் இணைந்தபோது அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'அரிசிக் கிறிஸ்தவர்'. வயிற்றுக்காக மதம் மாறியவர்கள், ஆன்மிகத் தேடலற்றவர்கள் என்பது அதன் பொருள். சாதி இந்துக்கள் மட்டுமல்லர், மிஷனரிகளிற் பலரும் இந்த ஐயத்தோடுதான் அவர்களைப் பார்த்தனர். பிராமணர் ஒருவர் மாறினால் அது மெய்ஞ்ஞானத் தேடல். படியாள் ஒருவர் மாறினால் அது சோற்றாசை. பண்ணையாரின் அடியும் பட்டினியும் இல்லாத வாழ்வை ஒருவர் கடவுளிடம் கேட்பது ஏன் ஆன்மிகம் ஆகாது என்று அக்காலத்தில் கேட்டவர் மிகச் சிலர்.

அந்தப் பழைய இழிவு இன்று சட்டத்தின் சொல்லாகியிருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டங்களில் 'ஆசை காட்டுதல்' குற்றமாக வரையறுக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேசச் சட்டம், மத அமைப்பு நடத்தும் நல்ல பள்ளியில் இலவசக் கல்வி தருவதைக்கூட அந்த வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2002இல் இத்தகைய அவசரச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2004 தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. இச்சட்டங்களின் அடியில் ஒரு கருத்து இருக்கிறது: ஏழைக்குப் பொருள்மீது விருப்பம் இருந்தால் அவருடைய மனச்சான்று விலைபோய்விட்டது. செல்வருக்கு இந்த ஐயம் ஒருபோதும் பொருந்துவதில்லை.

இவ்விடத்தில் 1891ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டியிருக்கிறது. அந்த மே மாதத்தில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளரின் நியாயமான கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்த அம்மடல், தனிச்சொத்துரிமையை இயற்கை உரிமையாகவும் நிலைநாட்டியது. கத்தோலிக்கச் சமூகப் போதனையின் பிறப்பிடமாக இன்றுவரை கொண்டாடப்படுவது அதுவே. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கு அந்த மடலையும் ஒரு காரணமாகக் கூறினார்.

அதே 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். தரிசு நிலத்தைத் தர்க்காஸ்தில் கேட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. எதிர்த்துப் பேசினால் மனையைவிட்டு வெளியேற்றம். இந்தப் பூட்டை உடைக்க அவர் பரிந்துரைத்தவற்றுள் முதன்மையானது நிலம். 1892இல் பிறந்த அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் ஒதுக்கீடு உருவாயிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு வழங்கப்பட்ட அந்நிலங்களை வேறு வகுப்பினருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. விற்றாலும் செல்லாது என்கிற நிலம்! லேவியர் நூலின் யூபிலிச் சட்டத்திற்கு இவ்வளவு நெருக்கமான வேறொரு நில ஏற்பாடு தமிழ்நாட்டு வரலாற்றில் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அந்த ஆணைக்குப் பின்னால் மிஷனரிகளின் உழைப்பும் இருந்தது என்பதை நேர்மையோடு சொல்லியாகவேண்டும். செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றோர் படியாள் முறையையும் மனை மறுப்பையும் ஆவணப்படுத்தி அரசை நெருக்கினர். ஆண்ட்ரூ நிலம் பெற்று விவசாயக் குடியிருப்புகளையே அமைத்தார். தரிசுக்கு மனுப்போட்டு, தாசில்தார் அலுவலகத்தில் காத்திருந்து, மிராசுதாரின் பகையைச் சம்பாதித்த அந்தக் கிறிஸ்தவத்திற்குச் செல்வத்தின்மேல் ஒரு பார்வை இருந்தது. அவர்களுடைய காலனியச் சார்பையும் தந்தைவழி மனப்பான்மையையும் நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கத்தான் வேண்டும். எனினும் வறுமை என்பது மனநிலை அன்று, நிலமின்மை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சமி நிலத்தின் பின்கதையை இத்தளத்தின் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அதன் பெரும்பகுதி இன்று தலித்துகளின் கையில் இல்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். மூதாதையரின் நிலத்தை விற்க மறுத்ததற்காகப் பொய்ச்சாட்சிகளால் கொல்லப்பட்ட நாபோத்தின் கதையை ஆண்டுதோறும் வாசிக்கும் சபைகளில், எத்தனை சபைகள் அந்த இருவரின் பெயரை வழிபாட்டில் நினைவுகூர்கின்றன?

இனித் திருச்சபையின் சொந்த உடைமைக்கு வருவோம். நகரங்களின் மையத்தில் ஆலயங்கள், பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், வணிக வளாகங்கள். கத்தோலிக்கச் சொத்துகள் மறைமாவட்டங்கள், துறவற சபைகள் ஆகியவற்றின் பெயரில் இருக்கின்றன. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை, கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளைச் சங்கம் நிர்வகிக்கிறது. பேராயர், நிர்வாகப் பதவிகளுக்கான தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றத்திற்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் செல்வது வழக்கமாகிவிட்டது. இறையியல் வேறுபாட்டுக்காக எவரும் இவ்வளவு வழக்காடுவதில்லை என்பது சொல்லாமலே விளங்கும். திருத்தூதர் பணிகள் நூலில் பர்னபா நிலத்தை விற்றுப் பணம் முழுவதையும் பொதுவில் வைக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே அனனியாவும் சப்பீராவும் நிலத்தை விற்றுப் பணத்தில் ஒரு பகுதியை ஒளிக்கிறார்கள். திருச்சபையின் முதல் நிதி மோசடியே நில விற்பனையில்தான் நிகழ்ந்தது.

ஆனால் மோசடியைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அரசியல் சட்டத்தின் 30ஆம் உறுப்பு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. 15ஆம் உறுப்பின் 5ஆம் பிரிவு அந்நிறுவனங்களை மாணவர் சேர்க்கை இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது, நியமிப்பது நிர்வாகம். சிறுபான்மை என்ற தகுதி எண்ணிக்கையின் மேல் நிற்கிறது. அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி தலித் கிறிஸ்தவர்கள். ஆனால் நியமனங்களில், தாளாளர் பதவிகளில், ஆயர் பொறுப்புகளில் அவர்களின் விகிதம் என்ன? 2016ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே ஆயர் பேரவை, தலைமைப் பொறுப்புகளில் தலித்துகளின் பங்கு மிகக் குறைவு என்று ஒப்புக்கொண்டது. தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022இல், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா வழியாக.

அம்பேத்கர் இதை முன்பே கண்டார். மதம் மாறியோரின் நிலை பற்றிய தம் கட்டுரையில், மிஷன்கள் கல்விக்கும் மருத்துவத்திற்கும் செலவிட்ட பெரும்பணத்தின் பயன் சாதி இந்துக்களுக்கே மிகுதியாகப் போய்ச்சேர்ந்தது என்றும், மதம் மாறிய தீண்டத்தகாதோருக்குக் கிடைத்தது அற்பம் என்றும் அவர் வாதிட்டார். விடுதிகளில் தங்கிப் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியான தலித் கிறிஸ்தவர்கள் பல்லாயிரம் பேர் உண்டு. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் பெயரால் திரட்டப்பட்ட உடைமை அச்சமூகத்தின் ஆளுகையில் இல்லாதபோது, அதைப் பொதுவுடைமை என்று அழைக்கமுடியாது. கல்லறையில்கூடப் பங்கு மறுக்கப்படுகிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இதற்கு நெடுங்காலச் சான்று. 2008 மார்ச்சில் எறையூரில், தமக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதற்காக அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன.

இந்த வெற்றிடத்தில்தான் செழிப்பு உபதேசம் நுழைந்தது. அமெரிக்காவில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்று வானொலி, தொலைக்காட்சி வழியே பரவிய இந்த இறையியல், விசுவாசிக்குச் செல்வமும் உடல்நலமும் கடவுளின் வாக்குறுதி என்று சொல்கிறது. காணிக்கை விதை, ஆசீர்வாதம் அறுவடை. தமிழ்த் தொலைக்காட்சி ஊழியங்களும் நகர்ப்புறச் சுயாதீன சபைகளும் இம்மொழியிலேயே பேசுகின்றன. படித்த கிறிஸ்தவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. நாம் கேலி செய்யமாட்டோம். கந்துவட்டியில் சிக்கிய ஒரு பெண்ணிடம் உன் கடன் தீரும், உனக்குச் சொந்த வீடு வரும், உன் மகன் படிப்பான் என்று ஒருவர் பெயர் சொல்லி வேண்டுதல் செய்கிறார். பழைய சபையோ அவரிடம் ஆசையை அடக்கச் சொன்னது. அவர் எங்கே போவார்? செழிப்பு உபதேசம் ஏழையின் பொருள் தேவையைக் கடவுளின் அக்கறைக்குரியதாக ஏற்றுக்கொண்டது. அதன் ஈர்ப்பு முழுவதும் அதில் இருக்கிறது. அதன் கொடுமை அடுத்த அடியில் தொடங்குகிறது. வறுமைக்குக் காரணம் நிலப் பறிப்போ கூலி மறுப்போ அன்று, விசுவாசக் குறைவு என்று அது கற்பிக்கிறது. தசமபாகம் கொடுத்தும் கடன் தீராத பெண், இப்போது கடனோடு குற்றவுணர்வையும் சுமக்கிறார்.

ஆசையை அடக்கச் சொல்லும் பிரசங்கமும் ஆசீர்வாதத்தை விற்கும் பிரசங்கமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. இரண்டும் செல்வத்தைத் தனிமனிதரின் உள்ளத்தில் வைக்கின்றன. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இரண்டும் கேட்பதில்லை.

2025 அக்டோபரில் வெளியான 'டிலெக்ஸி தே' என்ற அறிவுரை மடலில், திருத்தந்தை பதினான்காம் லியோ வறுமையின் கட்டமைப்புக் காரணங்களைப் பற்றிப் பேசுகிறார்; ஏழைகள்மீதான அன்பு வெறும் தர்மத்தோடு முடிந்துவிடலாகாது என்பது அதன் சாரம். யூபிலி ஆணை மடலில் அவருக்கு முன்னிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வ நாடுகளைக் கேட்டிருந்தார். உரோமையின் மொழி இவ்வளவு தூரம் வந்திருக்க, நம் மறைமாவட்டங்களின் மொழி ஏன் அறப்பணியின் எல்லையிலேயே நிற்கிறது?

சக்கேயுவின் கதை இங்கே உதவும். வரி வசூலிப்பவரான அவர் இயேசுவிடம் இரண்டு வாக்குறுதிகள் தருகிறார். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. எவரிடமாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவது மற்றொன்று. முதலாவது ஈகை; இரண்டாவது ஈடு. ஈகையில் கொடுப்பவர் உயர்ந்தே நிற்கிறார்; ஈட்டில் அவர் கடனாளி. நம் திருச்சபைகள் முதல் வாக்குறுதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கின்றன. இலவசச் சீருடை, கிறிஸ்துமஸ் சேலை, கல்வி உதவித்தொகை எல்லாம் முதல் வகை. நியமனத்தில் உரிய பங்கு, கல்லறையில் சம இடம், சொத்து நிர்வாகத்தில் வாக்கு ஆகியவை இரண்டாம் வகை. அவற்றைப் பற்றிப் பேசினால் 'சபையைப் பிளக்கிறார்கள்' என்ற பதில் வருகிறது.

அரசின் பக்கமும் பார்க்கவேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அதை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையமோ கால நீட்டிப்புகளைப் பெற்றது. இதை இட ஒதுக்கீட்டுச் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதையும் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும் குற்றமாக்குகிறது. கிறிஸ்தவராக மாறியவர் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோரமுடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, தலித் கிறிஸ்தவரின் நிலத்தைப் பறிப்பவருக்கு அச்சட்டத்தின் அச்சம் இல்லை. கிறிஸ்துவை ஏற்றதற்கு அரசு விதிக்கும் விலை நிலமாகவே வசூலிக்கப்படுகிறது.

தலித் இறையியலின் முன்னோடி அரவிந்த் நிர்மல், இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தைத் தம் சிந்தனையின் அடித்தளமாகக் கொண்டார். முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவரும் விவசாயி, தன் மூதாதை நாடோடியாகவும் அடிமையாகவும் இருந்ததைச் சொல்லி, பின்பு நிலம் கிடைத்ததை அறிக்கையிடும் பகுதி அது. சி.எஸ்.ஐ. சபைகளில் ஆண்டுதோறும் நடக்கும் அறுப்பின் பண்டிகை அதன் வழிவந்தது. நெற்கதிர், வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை எல்லாம் ஆலயத்தில் குவிந்து ஏலம் விடப்படும். சேரிச் சபைகளில் படைக்கப்படும் விளைச்சலில் எவ்வளவு படைப்பவரின் சொந்த நிலத்தில் விளைந்தது? மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு 'ஒரு உலை' என்று பொதுவில் சமைத்து உண்பதைத் தம் இறையியலின் மையமாக்கினார். அந்த உலையில் போடும் அரிசி எவர் வயலிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே அவருடைய மாணவர்கள் இன்று கேட்கவேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன. அவற்றுக்குப் புதிய இறையியல் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மறைமாவட்டமும் பேராயமும் தன் நிலங்களின் சர்வே எண், பரப்பு, குத்தகைதாரர், வாடகை ஆகியவற்றை விசுவாசிகள் பார்க்குமாறு வெளியிடலாம். அந்த நிலங்களில் பஞ்சமி வகைப்பாடு உடையவை இருக்கின்றனவா என்று பழைய 'ஏ' பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தாமே அறிவிக்கலாம். உதவிபெறும் நிறுவனங்களில் பணியாற்றுவோரின் சமூகவாரிக் கணக்கை வெளியிடலாம். மறைமாவட்டச் சமூகப்பணி மையங்கள் தையற்பயிற்சி வகுப்போடு சேர்த்து, வட்டாட்சியர் அலுவலகங்களில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நில ஆவணங்களைக் கேட்டுப் பெறும் பணியையும் செய்யலாம். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பஞ்சமி என்ற குறிப்பு விடுபட்டதாக இயக்கங்கள் குற்றஞ்சாட்டும் ஊர்கள் பல. அங்கெல்லாம் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கப் படித்த இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள். செங்கல்பட்டில் ஆண்ட்ரூ செய்தது இதைத்தான். அவரிடம் தகவல் உரிமைச் சட்டம்கூட இல்லை.

அடுத்து 2033இல், இயேசுவின் மரணத்திற்கும் உயிர்ப்பிற்கும் இரண்டாயிரமாவது ஆண்டை முன்னிட்டு, மற்றொரு யூபிலியை நோக்கித் திருச்சபை செல்கிறது. இடையில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் தம் பங்குக் குழுவிடமோ சேகரக் கமிட்டியிடமோ இந்த ஆண்டே எழுத்து மூலமாக ஒரு கேள்வியை வைக்கலாம்: நம் ஆலயம் நிற்கும் நிலத்தின் சர்வே எண் என்ன, அதைச் சுற்றியுள்ள பஞ்சமி நிலம் இன்று எவர் பெயரில் இருக்கிறது?